ஊரை விட்டுப் போகாத வண்டிக்குப் பெயர் எதற்கு?

ரயில் மாடல் செய்கிற ஆசாமிகளிடம் "இதில் ரொம்பக் கஷ்டமான வேலை எது?" என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சின் என்று சொல்ல மாட்டார்கள். தண்டவாளம் என்றும் சொல்ல மாட்டார்கள். எழுத்து என்பார்கள். பெட்டியின் பக்கவாட்டில் இருக்குமே, அந்த இரண்டெழுத்தும் நாலைந்து எண்ணும்தான். நிஜ வண்டியை 87இல் ஒரு பங்காகக் குறுக்கினால் ஆறங்குல எழுத்து 1.75 மில்லிமீட்டர் ஆகிவிடும். கிட்டத்தட்ட ஓர் அரிசியின் தடிமன். அதைத் தூரிகையால் எழுத எனக்குக் கை வராது, உங்களுக்கும் வராது. அதற்குத்தான் டெக்கால்.

டெக்கால் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் இருந்த கறுப்பு சிங்கர் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் தங்க நிறத்தில் பூவும் கொடியும் ஓடுமே, அது கையால் வரைந்ததல்ல. காகிதத்தில் அச்சடித்ததை மெஷினுக்கு மாற்றி, மேலே வார்னிஷ் பூசியது. தைக்கிறவர் கை உரசும் இடத்தில் மட்டும் பூ தேய்ந்து, மற்ற இடமெல்லாம் ஐம்பது வருஷம் ஆனாலும் அப்படியே மின்னும். பழைய சைக்கிளின் முன் தண்டில் இருந்த கம்பெனி முத்திரையும் இந்த வகைதான்.

இதன் மூலக்கதை பீங்கானில் இருக்கிறது. 1756இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இரண்டு பேர், காகிதத்தில் அச்சடித்த படத்தை ஓட்டுக்கு மாற்றி, ஆறு மணி நேரத்தில் 1,200 ஓடுகளுக்கு மேல் முடித்ததாகச் சத்தியப் பிரமாணமே எழுதிக் கொடுத்தார்கள். கையால் வரைகிறவர்கள் வயிற்றில் புளி கரைந்திருக்கும். அடுத்த நூற்றாண்டில் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் கண்ணாடி, பெட்டி, பானை என்று கண்டதிலெல்லாம் படம் ஒட்டும் பைத்தியம் பிடித்தது. அதற்கு வைத்த நீளமான பெயர் டெக்கால்கோமேனியா. அதன் தலை மட்டும் வெட்டி எடுத்ததுதான் டெக்கால்.

நான் இருக்கும் மில்வாக்கி இந்தப் பைத்தியத்துக்குப் பெயர் போன ஊர். இங்கேதான் 1932இல் வால்தர்ஸ் என்ற மாடல் ரயில் கம்பெனி தொடங்கியது. 1935இல் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் உருவானதும் இங்கேதான். வருஷத்தில் நாலைந்து மாதம் வெளியே தலை காட்ட முடியாத குளிர். மனுஷன் வேறென்ன செய்வான்? :-)

கடந்த சில குளிர்காலங்களில் மூன்று வண்டிகள் செய்து முடித்தேன். மூன்றுமே நம் தமிழ்நாடு - கேரள எல்லையில் ஓடியவை. பாலக்காடு - பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டி ஒன்று. பரம்பிக்குளம் காட்டில் தேக்கு இழுத்த மரவண்டி ஒன்று. மூணாறில் தேயிலை சுமந்த சின்ன வேகன் ஒன்று. இவற்றில் முதல் வண்டிக்கு மட்டும்தான் எழுத்து ஒட்டியிருக்கிறேன். மற்ற இரண்டும் மொட்டை. பார்க்கிறவர்கள் எல்லாரும் "வேலை பாக்கி இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். பாக்கி இல்லை. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

அண்டாவில் பேர் வெட்டுவது எதற்கு?

ரயில் பெட்டியில் எழுத்து வந்தது அழகுக்காக அல்ல, கணக்குக்காக.

இங்கிலாந்தில் ரயில் தொடங்கிய காலத்தில் ஆளுக்கொரு கம்பெனி. ஒரு கம்பெனியின் வேகன் சரக்கோடு அடுத்த கம்பெனியின் பாதைக்குள் போகும், அங்கிருந்து மூன்றாவது கம்பெனிக்குப் போகும். யார் வேகன் யார் பாதையில் எத்தனை மைல் ஓடியது, எத்தனை நாள் சும்மா நின்றது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும்? இந்தக் கணக்கைத் தீர்க்கவே 1842இல் லண்டனில் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். அதன் ஆட்கள் சந்திப்பு நிலையங்களில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். வெயிலோ மழையோ, கடந்து போகிற ஒவ்வொரு வேகனின் கம்பெனி எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. எழுத்து அழிந்திருந்தால் கணக்கு போச்சு.

நம் ஊர் வழக்கத்தில் சொன்னால், சீர்வரிசைப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறோமே, எதற்கு? கல்யாண வீட்டுக்கு இரவல் போன அண்டா யார் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று தெரிய வேண்டும். அடுப்படியை விட்டு நகராத அம்மிக்கு யாரும் பேர் வெட்டுவதில்லை.

இன்றும் இந்திய ரயில்வேயின் சரக்கு வேகன் ஒன்றைப் பார்த்தால் பதினோரு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. அடுத்த இரண்டு கட்டிய வருஷம். பிறகு நான்கு இலக்கம் அந்த வேகனுக்கே உரிய எண். கடைசி ஒன்று, மற்ற பத்தும் சரியாகப் படிக்கப்பட்டதா என்று சோதிக்க. ஒரு மனிதனின் சாதகம் மாதிரி. காஷ்மீரில் நின்றாலும் கன்னியாகுமரியில் நின்றாலும் அதன் ஊர், வயது எல்லாம் சொல்லிவிடலாம்.

பாலக்காடு: ஒரே பாதை, மூன்று பெயர்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயில் வந்தது 1862இல். அதற்கு முந்தின வருஷம் மார்ச் 12ஆம் தேதி திரூர் - பேப்பூர் இடையே ஓடியதுதான் இன்றைய கேரளத்தின் முதல் ரயில். அது அப்படியே கிழக்கே நீண்டு, பட்டாம்பி, பாலக்காடு வழியாகப் போத்தனூர் வந்து சேர்ந்தது. அப்போது மலபார் என்பது சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. போட்டவர்கள் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. ஆகவே பெட்டியின் உரிமையாளர் எம்.ஆர்.

1908இல் மெட்ராஸ் ரயில்வே பிரிக்கப்பட்டது. பெரும்பகுதி மராட்டிய நாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து எம்.எஸ்.எம். ஆனது. போத்தனூரிலிருந்து மங்களூர் வரையிலான மேற்குப் பாதை தென்னிந்திய ரயில்வேக்கு, அதாவது எஸ்.ஐ.ஆருக்குப் போனது. தண்டவாளம் அதேதான், ஸ்டேஷன் அதேதான், மாஸ்டர்கூட அதே ஆளாக இருந்திருக்கலாம். உரிமையாளரின் எழுத்து மட்டும் மாறியது. 1951 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளன்று, எஸ்.ஐ.ஆர்., எம்.எஸ்.எம்., மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. மறுபடி பெயின்ட் டப்பாவைத் திறந்தார்கள். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது பாலக்காடு கேரளத்துக்குப் போனது. அதே வருஷம் ஒலவக்கோட்டில் ரயில்வே கோட்டமும் வந்தது. இன்று அதுதான் பாலக்காடு கோட்டம்.

நான் செய்த பெட்டி இந்த அகலப் பாதையில் ஓடியதல்ல. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு 1932இல் எஸ்.ஐ.ஆர். போட்ட மீட்டர் கேஜ் பாதையில் ஓடியது. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே ஒரு பக்கம் மாந்தோப்பும் ஒரு பக்கம் தென்மலையும் கண்ணில் வரும். முதலமடை ஸ்டேஷனின் ஆலமரங்களை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். சித்தூர் தாலுகாவில் ஒரே ஆள் கடைக்காரரிடம் மலையாளமும் பக்கத்து சீட்டில் தமிழும் பேசுவார். இந்த வழியாக ராமேஸ்வரம் வரைக்கும் பாசஞ்சர் போயிற்று. அகலப் பாதையாக்க 2008இல் மூடி, 2015இல் மறுபடி திறந்தார்கள். மீட்டர் கேஜோடு அந்தச் செங்கல் நிறப் பெட்டிகளின் காலமும் முடிந்தது.

எழுத்து ஒட்டும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: எந்த வருஷம்? எஸ்.ஐ.ஆர். என்று ஒட்டினால் 1951க்கு முன். 'III' என்று மூன்று கோடு போட்டால் 1974க்கு முன், ஏனென்றால் அந்த வருஷம்தான் மூன்றாம் வகுப்பு ஒழிந்தது. நான் எடுத்துக்கொண்டது 1980 வாக்கில். செங்கல் சிவப்பு உடம்பு, மஞ்சள் எழுத்து, இரண்டாம் வகுப்புக்கு 'II'. இந்தி, ஆங்கிலம் இரண்டோடும் கூடவே தமிழில் 'தெ.ரெ.'. முன்னால் இழுக்க ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின். ஒய் என்றால் மீட்டர் கேஜ், டி என்றால் டீசல், எம் என்றால் பயணி, சரக்கு இரண்டும் இழுக்கும் என்று பொருள். பார்த்தீர்களா, எஞ்சினும் தன் பேரிலேயே தன் கதையைச் சொல்லிவிடுகிறது.

ஒட்டியது உரியாமல் இருக்க

வரலாறு போதும், கொஞ்சம் தொழில் பேசுவோம். இந்த வேலையில் இறங்க நினைக்கும் நண்பர்களுக்கு இது உதவும்.

தண்ணீரில் நழுவும் டெக்காலில் நான்கு அடுக்கு. அடியில் காகிதம். அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை. அதன்மேல் மெல்லிய வார்னிஷ் படலம். அந்தப் படலத்தோடு சேர்ந்த மை. தண்ணீரில் நனைத்தால் பசை இளகி, படலம் காகிதத்தை விட்டு நழுவும். அதை வண்டியின்மேல் நகர்த்தி வைக்கிறோம். கேட்க எளிது.

உரிவதற்கும் அசிங்கமாகத் தெரிவதற்கும் முக்கியக் காரணம் பசை அல்ல, காற்று. மங்கலான பெயின்ட் நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் உழுத வயல். படலம் அந்த மேடுகளின் தலையில் மட்டும் உட்கார்ந்து, பள்ளங்களில் காற்று தங்கிவிடும். வெளிச்சம் பட்டால் எழுத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக மினுங்கும். இங்கே இதற்கு 'வெள்ளி பூப்பது' என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிடிமானம் இல்லாத அந்த ஓரம்தான் பிறகு முதலில் தூக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது:

1. பெயின்ட் அடித்த வண்டியை இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவுங்கள். கை எண்ணெய் முதல் எதிரி.

2. எழுத்து வரும் இடத்தில் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். மேடு பள்ளம் நிரம்பிக் கண்ணாடி மாதிரி ஆக வேண்டும். பாதி வெற்றி இங்கேயே.

3. எழுத்தை ஒட்டி, ஓரம் அதிகம் விடாமல் வெட்டுங்கள். புது பிளேடு. வெற்றுப் படலம் குறையக் குறைய ஓரம் தெரிவதும் குறையும்.

4. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி. ஊறப்போட்டு மறந்தால் பசை முழுக்கக் கரைந்து போய்விடும். எடுத்துத் துடைதாளில் ஒரு நிமிஷம் வையுங்கள், தானே நழுவ ஆரம்பிக்கும். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்றால் காய்ச்சி வடித்த நீர் நல்லது. இல்லாவிட்டால் காய்ந்த பிறகு வெள்ளைக் கறை நிற்கும்.

5. வண்டியில் முதலில் மைக்ரோ செட் மாதிரியான திரவத்தை ஒரு துளி தடவுங்கள். புளிக்காடி வாடை அடிக்கும். அது மேற்பரப்பைத் துப்புரவாக்கி, படலம் படிய உதவும். அதன்மேல் எழுத்தை நகர்த்தி, தூரிகை நுனியால் இடம் பார்த்து வைத்து, ஓரத்திலிருந்து ஈரத்தை ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.

6. ஓரளவு காய்ந்ததும் மைக்ரோ சால் போன்ற இளக்கும் திரவம். இது படலத்தையே மெழுகு மாதிரி இளக்கி, ஆணி, விளிம்பு எல்லாவற்றின் மேலும் தோல் போலப் படிய வைக்கும். இப்போது எழுத்து சுருங்கும். பார்த்தாலே பகீர் என்றிருக்கும். கை வைக்காதீர்கள். இரவோடு இரவாக அதுவே இழுத்து நேராகிவிடும். எங்காவது குமிழி இருந்தால் ஊசியால் குத்தி மறுபடி ஒரு துளி.

7. மறுநாள் ஈரத் துணியால் மிச்சப் பசையைத் துடைத்து, கடைசியாக மேலே மங்கல் வார்னிஷ் மெல்லிசாக. சிங்கர் மெஷினில் ஐம்பது வருஷம் பூவைக் காத்தது இந்த மேல்பூச்சுதான்.

தமிழ் எழுத்துக்குத் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய ரயில்களுக்கு ஆயிரக்கணக்கில் டெக்கால் கடையில் கிடைக்கும். 'தெ.ரெ.' எந்தக் கடையில் கிடைக்கும்? நாமேதான் அச்சடிக்க வேண்டும். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. கறுப்பு எழுத்து என்றால் சிக்கல் இல்லை. சிவப்புப் பெட்டியின்மேல் மஞ்சள் எழுத்து என்றால், அடியில் வெள்ளை இல்லாததால் மஞ்சள் காணாமல் போய்விடும். ஜப்பானின் ஆல்ப்ஸ் கம்பெனி ஒரு காலத்தில் வெள்ளையும் அச்சடிக்கும் பிரிண்டர் செய்தது. தயாரிப்பை நிறுத்திய பின்னும் மாடல்காரர்கள் அதைக் குலதெய்வம் போலக் காப்பாற்றி வருகிறார்கள். அப்படி ஒரு புண்ணியவான் எனக்கு அச்சடித்துக் கொடுத்தார். தமிழ் படிக்கத் தெரியாத மனிதர். கொம்பு எந்தப் பக்கம் வரும் என்று மூன்று முறை கேட்டுக்கொண்டார்.

பரம்பிக்குளம்: தனித்தீவு

இரண்டாவது வண்டிக்கு வருவோம். பரம்பிக்குளம் இன்று பாலக்காடு ஜில்லா. ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். அப்போது அது கொச்சி சமஸ்தானத்தின் காடு. உள்ளே தேக்கும் ஈட்டியும். வெளியே கொண்டுவர வழியில்லை.

சமஸ்தானம் ஒரு ரயில் போட்டது. சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். மீட்டர் கேஜ். 1907இல் ஓடத் தொடங்கியது. எஞ்சின்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் - கோப்பல் கம்பெனி செய்தவை. எஞ்சின் ஏற முடியாத செங்குத்தில் சாய்தளம் போட்டு, இரும்புக் கயிற்றில் கட்டி மரவண்டிகளை இறக்கினார்கள். கடலோரம் போய்ச் சேர்ந்த தேக்கு அங்கிருந்து கப்பலேறியது.

முதலில் சாலக்குடி வழியாகப் போன ஷொரனூர் - எர்ணாகுளம் பாதையும் மீட்டர் கேஜ்தான். 1902இல் திறந்தது. 1930களின் நடுவில் அதை அகலமாக்கினார்கள். காட்டு ரயில் மட்டும் மீட்டர் கேஜிலேயே நின்றது. அதன் சக்கரம் இனி வேறு எந்தத் தண்டவாளத்திலும் ஏற வழியில்லை. காட்டுக்கும் சாலக்குடிக்கும் இடையே போவதும் வருவதும்தான் அதன் உலகம். 1963இல் மூடிவிட்டார்கள்.

என் மரவண்டி என்பது நான்கு சக்கரம், ஒரு சட்டம், கட்டையை அணைக்க இரண்டு கொம்பு, அவ்வளவே. எழுத்து ஒட்ட ஒரு பக்கமே கிடையாது. மூன்று அங்குலச் சட்டத்தில் ஆணித் தலைகள் வேறு. இளக்கும் திரவத்தை ஏழெட்டு முறை தடவி ஒட்டிவிடலாம்தான். ஆனால் அந்த வண்டியை யாரிடம் அடையாளம் காட்ட?

மூணாறு: சந்திக்காத இரண்டு ரயில்

மூன்றாவது வண்டிதான் எனக்கு நெருக்கமானது. நான் போடிக்காரன். எங்கள் ஊரில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைச்சுவரின் தலையில்தான் டாப் ஸ்டேஷன் இருக்கிறது. 'ஸ்டேஷன்' என்று ஏன் பெயர் என்று சின்ன வயதில் யாரும் யோசித்ததில்லை. அது நிஜமாகவே ஸ்டேஷன்.

கண்ணன் தேவன் மலைத் தேயிலையை வெளியே கொண்டுபோக 1902இல் குண்டலை பள்ளத்தாக்கில் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாள ரயில். யூயிங் முறை என்று பெயர். பாரம் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தின்மேல். சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் தரையில் உருளும் இன்னொரு சக்கரம். மாடுகள் இழுத்தன. பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் போட்டதும் இதே முறைதான். அதன் எஞ்சின் ஒன்றை டெல்லி ரயில் மியூசியத்தில் பார்க்கலாம். மூணாறில் 1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டு அடி அகலத்தில் முறையான சின்ன ரயிலைப் போட்டார்கள்.

தேயிலையின் பயணத்தைக் கேளுங்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இந்த ரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு சுமார் ஐந்து கிலோமீட்டர் மலையிறங்கி, கொட்டகுடி. அதற்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. பிறகு ரயிலடி தேடி இன்னும் கிழக்கே. கடைசியில் கப்பல், இங்கிலாந்து.

போடிக்கே ரயில் வந்தது 1928இல்தான். அதாவது மலைக்கு மேலே ரயில் ஓடத் தொடங்கி 26 வருஷம் கழித்து. அதற்குள் மேலே கதை முடிந்துவிட்டது. 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல், பெய்த மழையைத்தான் மலையாளிகள் இன்றும் '99 வெள்ளம்' என்கிறார்கள். அந்த வெள்ளத்தில் பாதை, பாலம் எல்லாம் போயிற்று. மறுபடி போடவில்லை. மலை ரயில் செத்து நான்கு வருஷம் கழித்து அடிவாரத்துக்கு ரயில் வந்தது. ஒன்றை ஒன்று பார்க்கவே இல்லை. போடி ரயிலும் பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல. 2010 கடைசியில் மீட்டர் கேஜை மூடி, 2023 ஜூன் 15ஆம் தேதிதான் அகல ரயில் போடி வந்து சேர்ந்தது. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனி ஆபீஸாக நிற்கிறது. தேயிலை மியூசியத்தில் ஒரு சக்கரம் வைத்திருக்கிறார்கள்.

இந்த வேகனை 87இல் ஒன்றாகச் செய்தால் தண்டவாளத்தின் அகலம் 7 மில்லிமீட்டர். உள்ளங்கையில் மூன்று வேகன் நிற்கும். நண்பர் ஒருவர் "குண்டலை வேலி ரயில்வே என்று மூன்றெழுத்து ஒட்டிவிடேன், அழகாக இருக்கும்" என்றார். ஒட்டவில்லை. ஒரு முனை மூணாறு, இன்னொரு முனை மலையுச்சி, அதற்கப்பால் அந்தரம். இந்த வேகன் எந்தச் சந்திப்பு நிலையத்திலும் நிற்கப் போவதில்லை, நோட்டுப் புத்தகக்காரர் யாரும் அதைக் குறிக்கப் போவதில்லை. வழியில் நின்ற அத்தனை பேருக்கும் அது யாருடையது என்று தெரியும்.

இது எனக்கு அந்நியமான விஷயமல்ல. போடியில் என்னை யாரும் பேர் கேட்டதில்லை. "இன்னார் மகன்தானே" என்பார்கள், முடிந்தது. இங்கே வந்த முதல் நாளே கழுத்தில் ஓர் அட்டை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். கடைசிக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால் ஆபீஸில் பாதிப் பேர் என்னை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். அப்பாவுக்குப் பரம சந்தோஷம் :-)

ஆனால் அந்த மலையிலும் வெளியூர்க்காரர்கள் இருந்தார்கள். சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தமிழ்ச் சனங்கள். ஊரில் இன்னார் மகளாக இருந்தவள் எஸ்டேட்டில் செக்ரோல் புத்தகத்தில் ஒரு வரி ஆனாள். இலங்கைத் தோட்டங்களில் 'அரைப்பேர்' என்றால் அரைநாள் சம்பளம் என்று பொருள். பேரும் கூலியும் ஒன்றாகிப்போன சொல். 1956இல் எல்லைக்கோடு போட்டபோது தேவிகுளம், பீர்மேடு எங்கே சேர வேண்டும் என்று பெரிய போராட்டமே நடந்தது. கேரளத்தோடு நின்றது. வேலை செய்தவர்கள் லயங்களிலேயே இருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரைக் கொண்டுபோனபோது, டிவியில் ஓடிய பட்டியலில் இருந்தவை எங்கள் தெருவில் கூப்பிடுகிற பெயர்கள்.

பெட்டிக்கு மேல் பெட்டி

வேகன் மொட்டையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்த பிறகு, அதற்குள் என்ன ஏற்றுவது என்று யோசித்தேன். தேயிலைப் பெட்டிகள். பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள், விளிம்பில் தகரப் பட்டி. இந்தப் பெட்டி வேகனைப் போல அல்ல. இது ரயில் ஏறி, கம்பியில் தொங்கி, மாட்டு வண்டியில் குலுங்கி, கப்பலில் லண்டன் போய், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் ஏலத்துக்கு நிற்க வேண்டியது. ஆகவே தேயிலை வியாபாரத்தில் பெட்டிக்கு முத்திரை கட்டாயம். எஸ்டேட் பெயர், தர எழுத்து, வரிசை எண், எடை. தகரத்தில் எழுத்து வெட்டி, மை தடவி அடிப்பார்கள்.

எனவே எழுத்தை வேகனில் ஒட்டாமல் பெட்டியில் ஒட்டினேன். பெட்டி ஒரு பக்கம் ஆறு மில்லிமீட்டருக்குள். எழுத்து அரை மில்லிமீட்டர் கொஞ்சம் கூட. பி.ஓ.பி. என்ற தர எழுத்து மட்டும், கறுப்பில். வெள்ளை மை தேவைப்படவில்லை. பலகை சொரசொரப்பு என்பதால் எழுத்து வரும் இடத்தில் மட்டும் வார்னிஷ், பிறகு இளக்கும் திரவம் நாலு தடவை. காய்ந்த பிறகு பார்த்தால் மரத்தின் வரி எழுத்தின் ஊடே தெரிகிறது. ஒட்டியது மாதிரியே இல்லை, அடித்த முத்திரை மாதிரி இருக்கிறது. மொத்தம் பதினெட்டுப் பெட்டி, ஒரு வார இறுதி முழுக்கப் போயிற்று.

வரும் நவம்பரில் இங்கே மாடல் ரயில் கண்காட்சிக்கு மூன்று வண்டிகளையும் எடுத்துப் போகிறேன். விளக்க அட்டையில் 1902, 1924, 1928 என்று மூன்று வருஷத்தை மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறேன். கம்பிவடத்தை இன்னும் செய்யவில்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறங்கும் அந்த உயரத்தை 87இல் ஒரு பங்காக்கினாலும், என் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். வீட்டம்மா சம்மதித்தால் அடுத்த குளிர்காலத்தில் பார்க்கலாம்.